பொற்கோயிலில் வைசாகி: பந்தி நடத்துபவள் பார்த்த பந்தி

பந்தி நடத்துவது எங்கள் குடும்பத் தொழில். மன்னார்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் கல்யாணம், வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று எந்த விசேஷம் வந்தாலும் அடுப்படி என் கணவர் பொறுப்பு, பந்தி என் பொறுப்பு. எந்தப் பந்தியில் ரசம் தீரும், எந்த வரிசையில் அப்பளம் விட்டுப்போகும், எந்தச் சித்தப்பா தன்னைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று பாதியில் எழுந்துவிடுவார் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. அந்தக் கண்ணோடுதான் அண்ணியுடன் வைசாகிக்கு அமிர்தசரஸ் போனேன். பொற்கோயிலின் தங்கத்தைப் பற்றியும் குளத்தைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அங்கே சாப்பிட்ட சாப்பாட்டையும் அதைப் போட்ட விதத்தையும் பற்றி எழுதுகிறேன். என் தொழிலில் நான் பார்த்த பந்திகளிலேயே மிகச் சிறந்தது அதுதான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வைசாகி கோதுமை அறுவடைத் திருநாள். கார்த்திகை வாக்கில் விதைத்த கோதுமை ஏப்ரலில் அறுப்புக்கு வரும். டெல்லியிலிருந்து அமிர்தசரஸ் போகும் சதாப்தி ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அம்பாலா தாண்டியதும் தொடங்கிவிடுகிறது. லூதியானா, ஜலந்தர், பியாஸ் ஆறு வரைக்கும் இருபுறமும் காய்ந்து நிற்கும் கோதுமைதான். சில வயல்களில் அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சில வயல்களில் தாள் மட்டும் நின்றது. டிராக்டரில் தானியம் ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போகிறவர்களைப் பார்த்ததும் அண்ணி, "நம்மூர் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை போகிற மாதிரியே இருக்கு, பாரு" என்றார். டெல்டாக்காரர்களுக்கு அறுவடை என்றால் தை மாதம், சம்பா நெல். ஆனால் பஞ்சாபிகளின் வைசாகியும் நம் சித்திரை முதல் நாளும் ஒரே கணக்கில் பிறப்பவை. சூரியன் மேஷ ராசிக்குள் நுழைவதுதான் இரண்டுக்கும் ஆதாரம். அதனால் ஏப்ரல் 13 அல்லது 14 என்று ஒட்டியே வரும். வீட்டில் மாங்காய்ப் பச்சடி செய்ய வேண்டிய நாளில் நாங்கள் அமிர்தசரஸில் இருந்தோம்.

தங்கும் இடத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கோயிலைச் சேர்ந்த சத்திரங்கள் உண்டு. வைசாகிக்கு ஊரே திரண்டு வருவதால் அங்கே இடம் கிடைப்பது கடினம். நாங்கள் வெளியே ஒரு விடுதியில் அறை எடுத்தோம். தொலைபேசியில் ஒரு வாடகை சொன்னார்கள், போய் இறங்கியதும் திருவிழா என்று இன்னொரு வாடகை சொன்னார்கள். வாக்குவாதம் செய்யத் தெம்பில்லாமல் கொடுத்துவிட்டோம். வைசாகிக்குப் போகிறவர்கள் வாடகையை எழுத்தில் வாங்கிக்கொண்டு போவது நல்லது. ரயில் நிலையத்திலிருந்து கோயிலுக்குக் கோயில் நிர்வாகமே இலவச பஸ் விடுகிறது. ஆட்டோவில் பேரம் பேசி மனம் கசந்துகொண்டு போக வேண்டியதில்லை.

கோயிலுக்குள் நுழையும் முன்னால் செருப்பு வைக்கும் இடம். ஜோடா கர் என்கிறார்கள். இங்கிருந்தே என் வேலைப் புத்தி விழித்துக்கொண்டது. கல்யாண மண்டப வாசலில் செருப்பு கிடக்கும் கோலம் எல்லாருக்கும் தெரியும். இங்கே ஒரு பெரியவர், வெண்தாடி, சலவை மடிப்புக் கலையாத சட்டை, எங்கள் செருப்புகளை இரண்டு கையாலும் வாங்கினார். முகம் சுளிக்கவில்லை, தள்ளிப் பிடிக்கவுமில்லை. கையில் ஒரு வில்லையைக் கொடுத்துவிட்டு அடுத்தவருக்குக் கை நீட்டினார். பக்கத்தில் ஓர் இளைஞன் யாருடைய செருப்பையோ துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். சம்பள ஆட்களா என்று விசாரித்தேன். பெரியவர் மருந்துக்கடை வைத்திருப்பவராம். திருவிழா நாட்களில் கடையை மகனிடம் விட்டுவிட்டு இங்கே வந்துவிடுவாராம். சேவை என்று அவர்கள் சொல்வது இதைத்தான்.

தலையை மூடிக்கொள்ள வேண்டும். எங்களிடம் துப்பட்டா இருந்தது, இல்லாதவர்களுக்குக் காவித் துணி வாசலிலேயே கிடைக்கிறது. கால் நனையும் அளவுக்குத் தண்ணீர் ஓடும் பள்ளத்தில் இறங்கிக் கடந்துதான் உள்ளே போக முடியும். வாசலைத் தாண்டியதும் படிகள் கீழே இறங்குகின்றன. நம் கோயில்களில் மேலே ஏறிப் போய்ப் பழகியவர்களுக்கு இது புதிது. ஊரின் தரைமட்டத்துக்குக் கீழே இறங்கித்தான் சாமி கும்பிட வேண்டும் என்று வேண்டுமென்றே அப்படிக் கட்டியிருக்கிறார்கள். நான்கு பக்கமும் வாசல். எந்தத் திசையிலிருந்து, எந்தச் சாதியிலிருந்து, எந்த மதத்திலிருந்து வந்தாலும் வரலாம் என்பதற்காக. 1577இல் சீக்கியர்களின் நான்காம் குரு ராம்தாஸ் தொடங்கிய குளம், ஐந்தாம் குரு அர்ஜன் கட்டிய கோயில். 1604இல் அவர்களின் வேதமான ஆதி கிரந்தத்தை இங்கேதான் வைத்தார்கள். ஆப்கானியர் படையெடுப்பில் பதினெட்டாம் நூற்றாண்டில் திரும்பத் திரும்ப இடிபட்டு, திரும்பத் திரும்ப எழுந்த கட்டடம். தங்கத் தகடு மகாராஜா ரஞ்சித் சிங் காலத்தில் வந்தது.

இனி லங்கர், அதாவது எல்லாருக்கும் இலவசமாகப் போடும் பொதுப் பந்தி.

குரு ராம்தாஸ் லங்கர் கூடம் இருபத்துநான்கு மணி நேரமும் நடக்கிறது. சாதாரண நாளிலேயே ஐம்பதாயிரம் பேருக்குக் குறையாமல் சாப்பிடுகிறார்கள், வைசாகி போன்ற நாட்களில் லட்சத்தைத் தாண்டுகிறது. டிக்கெட் கிடையாது, டோக்கன் கிடையாது, பெயர் கேட்பதில்லை. வாசலில் ஒருவர் தட்டு தருகிறார், அடுத்தவர் கிண்ணம், அடுத்து ஒரு சின்னப் பையன் கரண்டி. அந்தப் பையனுக்கு எட்டு வயதுதான் இருக்கும். ஒவ்வொரு கரண்டியையும் கைப்பிடி நம் பக்கம் வருமாறு திருப்பி நீட்டினான். இதை என் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்கவே எனக்கு ஒரு சீசன் ஆகும்.

கூடத்தின் கதவுக்கு முன்னால் கூட்டம், எள் போட்டால் எள் விழாது. எனக்கு அடிவயிறு கலங்கியது. இந்தக் கூட்டத்தை மொத்தமாகத் திறந்துவிட்டால் தள்ளுமுள்ளுதான் என்று தொழில் அனுபவம் சொன்னது. கதவு திறந்தது. ஒருவரும் ஓடவில்லை. நீளமான பாய்கள் விரித்திருந்தன. முதலில் நுழைந்தவர் கடைசிப் பாயின் கோடியில் போய் உட்கார்ந்தார், அடுத்தவர் அவருக்குப் பக்கத்தில். இடம் பிடித்து வைப்பது, துண்டு போடுவது, "இது எங்கள் ஆட்களுக்கு" என்று கையை விரிப்பது எதுவும் இல்லை. எனக்கு வலப்பக்கம் அண்ணி. இடப்பக்கம் தலைப்பாகை கட்டிய லாரி ஓட்டுநர். எதிர் வரிசையில் வெளிநாட்டுக்காரப் பெண் ஒருத்தி, அவளுக்குப் பக்கத்தில் நகை நிறையப் போட்ட ஒரு குடும்பம், அவர்களுக்குப் பக்கத்தில் கிழிந்த சட்டையோடு ஒரு முதியவர். எல்லாரும் தரையில்.

எங்கள் தொழிலில் முதல் பந்தி என்பது பெரிய அரசியல். மாப்பிள்ளை வீட்டார், ஊர்ப் பெரியவர், பணக்காரச் சொந்தம் என்று வரிசைப்படுத்தித்தான் உட்காரவைப்போம். பாத்திரம் கழுவுகிறவர்களும் மேளக்காரர்களும் கடைசியில், மிச்சம் இருப்பதைச் சாப்பிடுவார்கள். இத்தனை வருடத்தில் இதை மாற்ற வேண்டும் என்று எனக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. இங்கே ஐந்நூறு வருடத்துக்கு முன்பு குரு நானக் லங்கரைத் தொடங்கியபோதே இதைத்தான் உடைத்திருக்கிறார். மூன்றாம் குரு அமர்தாஸ் கோயிந்த்வாலில் இன்னும் கண்டிப்பாக, முதலில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடு, பிறகு என்னைப் பார்க்க வா என்று விதி வைத்தார். அக்பர் சக்கரவர்த்தி வந்தபோதும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் குருவைப் பார்த்தார் என்று சீக்கியர்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். வைசாகிக்கு எல்லாரும் ஓரிடத்தில் கூட வேண்டும் என்ற வழக்கத்தை ஏற்படுத்தியவரும் அதே அமர்தாஸ்தான் என்கிறார்கள். ஆக, இந்த அறுவடைத் திருநாளும் இந்தச் சமபந்தியும் ஒரே கையிலிருந்து வளர்ந்தவை.

பரிமாறும் விதத்தைச் சொல்ல வேண்டும். வாளியோடு ஒருவர் "தால் ஜி" என்று குரல் கொடுத்துக்கொண்டே வருகிறார். நிற்பதில்லை. குனிந்து, ஊற்றி, நகர்ந்து, குனிந்து, ஊற்றி, நகர்ந்து போகிறார். ஒரு சொட்டுக்கூடத் தட்டுக்கு வெளியே விழவில்லை. அடுத்து காய், அடுத்து சாதம், அடுத்து பாயசம். ரொட்டி மட்டும் தட்டில் போடுவதில்லை. "பிரசாதா ஜி" என்று வருகிறார்கள், நாம் இரண்டு கையையும் சேர்த்து ஏந்த வேண்டும், கையில் வைக்கிறார்கள். ஒற்றைக் கையை நீட்டிய அண்ணியிடம் எதிர் வரிசைக்காரர் சிரித்தபடி இரண்டு கையையும் சேர்த்துக் காட்டினார். தண்ணீர், சக்கரம் வைத்த தொட்டியில் வருகிறது. தள்ளிக்கொண்டு வருபவர் ஒரு பிடியை அழுத்தினால் கிண்ணத்தில் விழுகிறது. இந்த ஒரு கருவியை நான் கண்ணாலேயே அளவெடுத்து வந்திருக்கிறேன். எங்கள் ஊர் பட்டறையில் செய்யச் சொல்லப் போகிறேன்.

ருசி எப்படி? நேர்மையாகச் சொல்கிறேன். பருப்பு, கறுப்பு உளுந்தும் கடலைப்பருப்பும் சேர்ந்தது, வெகுநேரம் கொதித்துக் குழைந்திருந்தது. இஞ்சி தூக்கலாக இருந்தது, காரம் மிகக் குறைவு. நம் நாக்குக்கு உப்பும் உறைப்பும் போதாது. ஆனால் குழந்தைக்கும் நோயாளிக்கும் கிழவருக்கும் ஒரே அண்டாவிலிருந்து போடும் சாப்பாடு அப்படித்தான் இருக்க வேண்டும். அந்த அளவை எட்டிப் பிடிப்பது எளிதல்ல, சமைக்கிறவர்களுக்குத் தெரியும். காய், உருளைக்கிழங்கும் பட்டாணியும், சுமார். ரொட்டி தடிமன், சூடு, மெல்ல மெல்ல இனித்தது. பாயசம்தான் முதல் தரம். அரிசி பாலில் கரைந்தும் கரையாமலும், இனிப்பு திகட்டாமல். இரண்டாம் குரு அங்கத்தின் மனைவி மாதா கீவி லங்கரில் நெய் விட்ட பால் பாயசம் வழங்கியதை குரு கிரந்த் சாகிப்பே குறிப்பிடுகிறது என்று பக்கத்தில் இருந்த லாரி ஓட்டுநர் சொன்னார். சமைத்துப் பரிமாறிய ஒரு பெண்ணின் பெயரும் அவள் செய்த பண்டமும் ஒரு மதத்தின் வேதத்தில் இடம்பெற்றிருக்கின்றன. இதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுபடி பாயசம் வந்தபோது கிண்ணத்தை நீட்டினேன். யாரும் ஒரு தடவைதான் என்று சொல்வதில்லை. ஆனால் தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு பாட்டி தன் பேரன் தட்டில் ஒட்டியிருந்த பருப்பை ரொட்டித் துண்டால் துடைத்து அவன் வாயிலேயே ஊட்டினார்.

எழுந்ததும் தட்டை நாமே எடுத்துப் போய்க் கொடுக்க வேண்டும். நாங்கள் வெளியேறிய அடுத்த நிமிடம் தரை துடைக்கும் இயந்திரத்தோடு ஆட்கள் உள்ளே இறங்கினார்கள். எங்கள் முதுகுக்குப் பின்னால் அடுத்த பந்திக்குக் கதவு திறந்தது. ஒரு பந்திக்கும் அடுத்த பந்திக்கும் நடுவில் எங்கள் ஆட்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்தை நினைத்துக்கொண்டேன்.

பாத்திரம் கழுவும் இடத்தின் சத்தத்தைக் காது உள்ள யாரும் மறக்க முடியாது. ஆயிரக்கணக்கான எவர்சில்வர் தட்டுகள் ஒரே நேரத்தில் மோதும் ஓசை, ஐப்பசி இடியைப் போல நிற்காமல் உருண்டுகொண்டே இருக்கிறது. நீளமான தொட்டிகளின் இருபுறமும் தோளோடு தோள் உரச நின்று கழுவுகிறார்கள். ஒரு தொட்டியில் கழுவிய தட்டு அடுத்த தொட்டிக்குப் போகிறது, அங்கே வேறொருவர் மறுபடி கழுவுகிறார், பிறகு இன்னொரு தொட்டி. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் ஒரு சந்தில் நுழைந்தேன். பக்கத்தில் கழுவிக்கொண்டிருந்த பெண் லூதியானாவில் வங்கி அதிகாரி. தன் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஆள் இருக்கிறது என்றும், இங்கே மட்டும் வருடா வருடம் வைசாகிக்கு வந்து நிற்பதாகவும் சொன்னார்.

பிறகு ரொட்டி செய்யும் இடம். கூட்ட நாட்களில் இயந்திரமும் ஓடுகிறது, மாவை விழுங்கி ஆயிரக்கணக்கில் ரொட்டியைத் துப்புகிறது. அது போதாது என்று பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கையாலும் இடுகிறார்கள். ஹிந்தி எனக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும், எங்களிடம் வேலை செய்யும் பீகார் பையன்களிடம் கற்றது. "உட்காரட்டுமா?" என்று கேட்டேன். ஒரு பாட்டி நகர்ந்து இடம் கொடுத்து, "பைட்டோ, பேட்டா" என்றார். உருண்டை ஒரே அளவில் வருகிறது, அதைத் தட்டி, குழவியால் இரண்டு இழுப்பு, திருப்பி இரண்டு இழுப்பு, அவ்வளவுதான். என் ரொட்டி ஓரம் தடித்து நடு மெலிந்து வந்தது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. என் கையிலிருந்த குழவியின் மேல் தன் கையை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தம் குறையும்படி ஒரே ஒருமுறை தள்ளிக் காட்டினார். அந்தக் கை வெதுவெதுப்பாகவும் மாவு படிந்து சொரசொரப்பாகவும் இருந்தது. அடுத்த ரொட்டி வட்டமாக வந்தது. பெரிய இரும்புத் தகட்டின் மேல் ஆண்கள் நீளக் கம்பியால் ரொட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அனல் முகத்தில் அடித்தது.

அந்த மாவு எங்கிருந்து வருகிறது என்று பாட்டியிடம் கேட்டேன். கிராமத்தில் அறுப்பு முடிந்ததும் குருத்வாராவுக்கு ஒரு பங்கு போகும், தங்கள் வீட்டிலிருந்தும் போகிறது என்றார். உழைத்துச் சம்பாதி, இறைவன் பெயரைச் சொல், பகிர்ந்து சாப்பிடு என்ற மூன்றும்தான் அவர்களுக்கு குரு நானக் வைத்த கடமை. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைப் பொதுவுக்குக் கொடுப்பது இன்னொரு கடமை. ரயில் ஜன்னலில் பார்த்த கோதுமையில் ஒரு பங்கு இந்த மனைப்பலகைக்கு வந்து சேரும் வழி எனக்குப் புரிந்தது. விளைவித்தவர் இங்கே வந்து மாவு பிசைகிறார், பிசைந்தவர் எழுந்துபோய்ப் பந்தியில் உட்காருகிறார், சாப்பிட்டவர் தட்டுக் கழுவ வருகிறார். போடுகிறவர், சாப்பிடுகிறவர் என்று இரண்டு கூட்டம் அங்கே இல்லை.

வைசாகி சீக்கியர்களுக்கு அறுவடை நாள் மட்டுமல்ல. 1699இல் இதே நாளில் ஆனந்த்பூர் சாகிப்பில் பத்தாம் குரு கோவிந்த் சிங் உருவிய வாளோடு நின்று, தலை கொடுக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டார். ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேர் எழுந்தார்கள். லாகூர்க் கடைக்காரர், ஹஸ்தினாபுரத்து விவசாயி, துவாரகையைச் சேர்ந்த துணி வேலைக்காரர், பூரி ஜகந்நாதத்திலிருந்து வந்த தண்ணீர் சுமப்பவர், நம் பக்கத்து பீதரிலிருந்து போன நாவிதர். ஐந்து பேரும் ஒரே இரும்புக் கிண்ணத்திலிருந்து அமிர்தம் குடித்தார்கள். இருபுறமும் கூருள்ள வாளால் கலக்கிய சர்க்கரைத் தண்ணீர் அது. பிறகு குரு அந்த ஐந்து பேரிடமும் தனக்கும் அமிர்தம் கொடுக்கும்படி கேட்டு வாங்கிக் குடித்தார். அமிர்தம் ஏற்ற சீக்கியர்களின் சமூகமான கால்சா அப்படித்தான் பிறந்தது. தண்ணீர் சுமப்பவர் வாய் வைத்த கிண்ணத்தில் கடைக்காரரும், சீடர் கையிலிருந்து குருவும் குடித்தது 1699இல். நாங்கள் போன அன்று குளத்தில் விடிவதற்கு முன்பிருந்தே குளிக்கிறவர்கள் கூட்டம். சுற்றுப் பிராகாரம் முழுக்கக் கீர்த்தனை ஒலித்துக்கொண்டிருந்தது. நீல உடையும் உயரமான தலைப்பாகையுமாக நிஹாங்குகள் என்ற சீக்கியப் போர்வீரர் பிரிவினர் நடந்து போனார்கள். கொடிமரத்துத் துணியை வைசாகியை ஒட்டி மாற்றுவது வழக்கமாம், புதுத் துணி பளபளத்தது.

கருவறைக்குப் போகும் பாலத்தில் வரிசை மிக நீளம். அன்று அது மணிக்கணக்கில் நகர்ந்தது. பளிங்கின் மேல் விரிப்புப் போட்டுத் தண்ணீர் தெளித்திருந்தாலும் ஏப்ரல் வெயில் வெயில்தான். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் விடியலுக்கு முன்போ இரவு வெகுநேரம் கழித்தோ போவது நல்லது. வைசாகி நாளில்தான் உள்ளே போக வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாவிட்டால் அன்று லங்கரிலும் குளக்கரையிலும் இருந்துவிட்டு, மறுநாள் தரிசனம் வைத்துக்கொள்ளலாம். உள்ளே படம் எடுக்கக் கூடாது. கிரந்தத்துக்கு முன்னால் நிற்கக் கிடைப்பது சில நொடிகள். பாட்டுக் கேட்கத்தான் அங்கே உட்கார வேண்டும், அது எனக்கு மாடியில் ஓர் ஓரத்தில் வாய்த்தது.

கடா பிரசாதம் பற்றி ஒரு சமையல்காரி சொல்லாமல் விட முடியாது. கோதுமை மாவு, நெய், சர்க்கரை, மூன்றும் சம அளவு. எங்கள் கேசரியில் நெய் இந்த விகிதத்தில் விட்டால் கல்யாண வீட்டுக்காரர் கணக்குப் பார்த்து மயங்கிவிடுவார். மாவை நெய்யில் செம்மண் நிறம் வரும்வரை வறுத்த பக்குவம், கையில் வைத்ததும் விரலிடுக்கில் நெய் கசிகிறது. தொன்னையில் வாங்கிக்கொண்டு போகும் பிரசாதத்தில் ஒரு பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியைத் திருப்பித் தருகிறார்கள். எடுத்த பாதி, வாங்க முடியாதவர்களுக்கும் எல்லாருக்கும் போகும் பொதுப் பிரசாதத்தில் சேர்கிறது. பத்து ரூபாய்க்கு வாங்கியவரும் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கியவரும் வாசலில் பெறுவது ஒரே பிடி.

கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஜாலியன்வாலா பாக். 1919 ஏப்ரல் 13, அன்றும் வைசாகி. திருநாளுக்கு ஊருக்கு வந்தவர்களும் அந்தத் திடலில் இருந்தார்கள். குறுகலான சந்து வழியாக வந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டயரின் சிப்பாய்கள் சுமார் பத்து நிமிடம், 1,650 குண்டுகள் சுட்டார்கள். அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 379 பேர்; மக்கள் சொல்லும் எண்ணிக்கை அதைவிட மிக அதிகம். வைசாகியன்று அங்கே நல்ல கூட்டம். புதுத் துணி உடுத்திய குடும்பங்கள் லங்கரில் சாப்பிட்டுவிட்டு நேராக இங்கே வந்து, சுவரில் குண்டு பட்ட இடங்களைக் குழந்தைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது சிரமம்தான். ஆனாலும் பார்க்க வேண்டும். திருநாளைக் கொண்டாடும் ஊர் அதை எதற்குப் பிறகும் கொண்டாடுகிறது என்பது அங்கே நின்றால் தெரியும்.

போகிறவர்களுக்கு இன்னும் சில. லங்கரில் பணம் கேட்க மாட்டார்கள், உண்டியல் இருக்கிறது, விருப்பப்பட்டால் போடலாம். பணத்தைவிட அரை நாள் வேலை செய்வதைச் சிபாரிசு செய்வேன். கூடத்துக்கு வெளியே பூண்டு உரிக்கவும் வெங்காயம் நறுக்கவும் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். கத்தி கொடுப்பார்கள், மொழி தேவையில்லை, முன்பின் தெரிந்திருக்க வேண்டியதுமில்லை. கூடத்துக்குப் பக்கத்திலேயே எந்த நேரமும் தேநீர் கிடைக்கிறது, பூண்டு உரித்த கையோடு அதைக் குடித்துப் பாருங்கள். பருத்திப் புடவையோ சுடிதாரோ போதும். பட்டு வேண்டாம், தரையில் உட்கார்ந்து எழ வேண்டும். காரம் இல்லாமல் முடியாதவர்கள் ஊறுகாயை விடுதி அறையில் வைத்துவிட்டு வாருங்கள், பந்தியில் தனிப் பாட்டில் திறப்பது அழகாக இருக்காது.

ஊர் திரும்பியதும் நான் செய்த முதல் மாற்றம், வைகாசியில் வந்த ஒரு கல்யாணத்தில் எங்கள் பாத்திரக்காரப் பெண்களையும் நாதஸ்வரக் குழுவையும் இரண்டாவது பந்தியில் மற்றவர்களோடு உட்காரவைத்தது. பெண் வீட்டார் முகம் கொஞ்சம் மாறியது, ஆனால் மணமகளின் தாத்தா அவர்களுக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டார். அடுத்த வருடம் என் கணவரையும் அடுப்படி ஆட்களையும் கூட்டிக்கொண்டு போகிறேன். சித்திரை முதல் தேதியை ஒட்டி எந்த வீட்டிலும் முன்பணம் வாங்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிட்டேன்.